கண்ட்ரோல் டி யாருக்குச் சொந்தம்

என் நாத்தனாருக்கும் எனக்கும் முதல் சண்டை சமையலறையில்தான் வெடிக்கும் என்று என் அம்மா நம்பிக்கொண்டிருந்தார். தினமும் போன் போட்டு, "இன்னிக்கு யாரு சமையல்?" என்று விசாரிப்பார். பாவம், ஏமாந்துபோனார். நாத்தனார் அடுப்புப் பக்கமே வரவில்லை. சண்டை என் மேசையில் வந்தது, என் லேப்டாப்பில், காசு கொடுக்காமல் இறக்கி வைத்திருந்த ஒரு சின்ன டெக்ஸ்ட் எடிட்டரில்.

அந்த எடிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் படம் ஒட்ட முடியாது, கட்டம் போட முடியாது, ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கக்கூட முடியாது. எழுதலாம், அழிக்கலாம், சேமிக்கலாம். என் பிழைப்புக்கு அது போதும். நான் வீட்டிலிருந்தபடியே அறிவிப்புகளை மொழிபெயர்க்கிறவள். அடுக்குமாடி லிஃப்டிலும் கார் நிறுத்துமிடத்திலும் கழிவறைக் கதவிலும் நான்கு மொழியில் பலகை மாட்டியிருப்பார்களே, அதில் எல்லாவற்றுக்கும் கீழே, இடம் போதாமல் சின்ன எழுத்தில் ஒடுங்கிக் கிடக்கிற தமிழ் என்னுடையது. அலங்காரம் செய்த கோப்பை அனுப்பினால் பலகைக் கடைக்காரரின் இயந்திரத்தில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிய்ந்துபோகும். வெறும் எழுத்தாக அனுப்பு என்பார். அதனால்தான் இந்த எடிட்டர்.

வெறும் எடிட்டர்தான், ஆனாலும் அதை என் இஷ்டத்துக்கு வளைத்து வைத்திருந்தேன். பிரிஃபரன்ஸ் என்று அதில் ஒரு பக்கம் உண்டு. அதைத் திறந்துவிட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது. கறுப்புப் பின்னணி, வெளிர்பச்சை எழுத்து, சின்ன அளவு. ஆங்கிலப் பிழைதிருத்தியை முதல் வேலையாக அணைத்தேன். அது இருந்தால் நான் எழுதுகிற ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு போட்டு என்னைத் திட்டிக்கொண்டே இருக்கும். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாவி. வரியை மேலே தூக்க ஒன்று, கீழே இறக்க ஒன்று. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கண்ட்ரோல் டி. அதை அழுத்தினால் கர்சர் நிற்கிற வரி அப்படியே காணாமல் போகும். பிடிக்காத வரியை எழுத்தெழுத்தாக அழித்துக்கொண்டிருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. கண்ட்ரோல் டி, ஒழிந்தது சனியன். என் முன்கோபத்துக்கென்றே செய்த சாவி.

என் வேலைமுறை அப்படி. ஒரு அறிவிப்பை முதலில் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதிக்கொள்வேன். 'குப்பைய இங்க கொட்டாதீங்க, நாறுது.' அப்புறம் அதற்குக் கீழே பலகைத் தமிழில் எழுதுவேன். 'இவ்விடத்தில் குப்பைகளைக் கொட்டாதீர்கள்.' அது சரியாக வந்ததும் மேலே இருக்கிற பேச்சு வரியில் கர்சரை வைத்து கண்ட்ரோல் டி. இப்படி வருஷக்கணக்காக, திரையைப் பார்க்காமலேயே செய்து பழகிவிட்டது.

இந்த நிலையில்தான் அக்கா வந்தார். என் கணவரின் மூத்த சகோதரி. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். செபராங் ஜெயாவில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். வேறு வீடு கிடைக்கும்வரை நம்மோடு இருக்கட்டும் என்று கணவர் போய் அழைத்து வந்தார். எங்கள் பிளாட் கடல் தாண்டித் தீவில், ஜெலுத்தோங்கில், இரண்டே அறை. இரண்டாவது அறைதான் என் வேலை அறை. அதில் ஒரு கட்டில் நுழைந்தது, பிறகு அக்கா நுழைந்தார்.

ஓய்வுபெற்றும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பழைய பள்ளியில் சில பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள் தயாரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். வீடு மாற்றியதில் அவருடைய கணினி உயிரை விட்டிருந்தது. "நீ வேல முடிச்ச பிறகு ஒன் லேப்டாப்ல நான் கொஞ்சம் எழுதிக்கிறேன்மா," என்றார். "தாராளமா எழுதுங்கக்கா," என்றேன். அந்தத் தாராளத்தின் விலை மறுநாள் காலையில் தெரிந்தது.

திறந்தேன், கண் கூசியது. வெள்ளைத் திரை. கரும்பலகையில் எழுதுகிற அளவுக்குப் பெரிய பெரிய எழுத்து. இடது ஓரத்தில் வரிசையாக வரி எண்கள். சரி, எழுதிப் பார்க்கலாம் என்று 'குப்பை' என்று தட்டினால் திரையில் விழுந்தது எந்த மொழியிலும் சேராத ஏதோ ஒன்று. நான் உச்சரிப்பு முறையில் தட்டுகிறவள்; ஏ எம் எம் ஏ என்று அடித்தால் எனக்கு அம்மா வர வேண்டும். அக்காவோ தட்டச்சு வகுப்பில் விரல் பழகியவர், அவருக்குப் பழைய டைப்ரைட்டர் வரிசை. போகிற போக்கில் என் கீபோர்டையும் மாற்றி வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் என் வழிக்குத் திருப்பினேன். சாயங்காலம் அவர் எல்லாவற்றையும் அவர் வழிக்குத் திருப்பினார். காலையில் கறுப்பு, மாலையில் வெள்ளை. வெளியே பார்த்தால் எங்களைப் போல ஒற்றுமை உலகத்தில் கிடையாது. "சாப்டிங்களாக்கா?" "ஆச்சும்மா, நீ சாப்டியா?" உள்ளே நான் கொதித்துக்கொண்டிருந்தேன். இன்னும் எத்தனை நாளைக்கு என்று கணவரிடம் கேட்காத நாள் இல்லை.

அவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர், எதையும் எளிதாக முடிக்க நினைப்பவர். ஒருநாள் காலையில் கோப்பி குடித்துக்கொண்டே, "ஏன் லா ரெண்டு பேரும் கஷ்டப்படுறீங்க, ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட் போட்டுக்குங்களேன்," என்றார், இந்த ஊர்ப் பேச்சில் எதோடும் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு.

"ஒரு வீட்ல ரெண்டு ஒல வைக்கச் சொல்றியா தம்பி?" என்றார் அக்கா.

"எனக்கு மறைக்க என்ன இருக்கு?" என்றேன் நான்.

நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை. மனிதர் கோப்பையை வைத்துவிட்டுக் கீழே கடைக்கு இறங்கிப் போனார்.

அதன் பிறகுதான் நீச்சல் குளம் வந்தது. பத்து காவானில் ஒரு புது அடுக்குமாடி, அங்கே குளத்தோரம் மாட்ட ஒரு விதிப் பலகை. முதல்நாளே மற்ற விதிகளையெல்லாம் முடித்துவிட்டேன். கடைசியாகச் சிறுவர்களைப் பற்றிய ஒரு விதிதான் பாக்கி. காலையில் உட்கார்ந்து வழக்கம்போல முதலில் வீட்டுத் தமிழில் எழுதினேன்: 'புள்ளைங்கள தனியா வுட்டுட்டு போன் பாக்காதீங்க லா.' கீழே பலகைத் தமிழில்: 'பெரியவர் துணையின்றிச் சிறுவர்களைக் குளத்தில் இறங்க அனுமதிக்காதீர்கள்.' பிறகு மேல் வரியில் கர்சரை வைத்து கண்ட்ரோல் டி.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. முந்தின சாயங்காலம் அக்கா முதல்முறையாகக் குறுக்குச் சாவிகளிலும் கை வைத்திருந்தார். பயிற்சித் தாளுக்கு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கீழே இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் கோடு போட வேண்டும். அதற்காக கண்ட்ரோல் டி அழுத்தினால் வரி இரட்டிக்கும்படி மாற்றி வைத்திருந்தார். அழுத்தினேன், வரி போகாத மாதிரி ஓரக்கண்ணில் பட்டது. சாவி சரியாக விழவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை ஓங்கி ஒரு போடு போட்டேன். அந்த நேரம் பார்த்து பலகைக் கடைக்காரர் போனில் கூப்பிட்டு, எங்கே கோப்பு, எங்கே கோப்பு என்று கத்த, நானும் பதிலுக்குக் கத்தி, சேமித்து அனுப்பிவிட்டேன்.

கடைக்காரர் சீனர். அடுக்குமாடி நிர்வாகத்திலும் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. அனுப்பியது அப்படியே அச்சாகி அப்படியே மாட்டப்பட்டது.

கொஞ்ச நாள் கழித்து நிர்வாகத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. தமிழ்க் குடும்பங்களுக்குப் பலகை மிகவும் பிடித்திருக்கிறதாம், ஆளாளுக்குப் படம் எடுத்துப் போகிறார்களாம், குப்பை அறைக்கும் இதே பாணியில் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் என் தமிழை யாரும் பாராட்டியதில்லை. அப்படி என்ன எழுதினோம் என்று பெருமையோடு கோப்பைத் திறந்தேன்.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

அக்கா ஓடிவந்தார். திரையைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிதானமாக வாசித்தார். "புள்ளைங்கள தனியா வுட்டுட்டு போன் பாக்காதீங்க லா. புள்ளைங்கள தனியா வுட்டுட்டு போன் பாக்காதீங்க லா. புள்ளைங்கள..." மூன்றாவதை முடிக்காமல் என்னைப் பார்த்தார். எனக்குள் அத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"இத போர்டுல மாட்டிட்டாங்களா?" என்றார்.

"மாட்டிட்டாங்க."

"புள்ளைங்கள தனியா வுட்டுட்டு..." என்று மறுபடி ஆரம்பித்தவருக்கு வாக்கியம் முடியவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போய்க் கிட்டே போனால், சிரிப்பு. சத்தமே வராத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வழிகிற சிரிப்பு. எனக்கும் பற்றிக்கொண்டது. சண்டை போட வந்த வாய் வேறு வேலையில் இறங்கிவிட்டது. எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, "என்னா, என்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அத நேர்ல பாக்கணும்," என்றார் அக்கா.

அந்தச் சனிக்கிழமை கணவர் காரில் எங்களை கடலைத் தாண்டும் இரண்டாவது பாலம் வழியாகக் கூட்டிப்போனார். வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாவிடம் வீடு வாங்க வந்திருக்கிறோம் என்று அக்கா கூசாமல் ஒரு பொய் சொன்னார். குளத்தோரம் போனோம். நான்கு மொழிப் பலகையில், பளபளவென்று, என் வீட்டுத் தமிழ் மூன்று வரிசையாக நின்றது. என் எழுத்து இவ்வளவு பெரிதாக எங்கேயும் அச்சானதில்லை. மூன்று தடவை இருந்ததால் பலகைக்காரர் தமிழுக்குக் கூடுதலாக இடம் ஒதுக்கியிருந்தார்.

குளத்தில் ஒரு சின்னப் பெண் காலடித்துக்கொண்டிருந்தாள். கரையில் அவள் அம்மா. நாங்கள் பலகையையே பார்த்து நிற்பதைக் கண்டதும் அவர் கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இந்த போர்டு மாட்டுனதுலேருந்து எங்க மாமியார் என்ன போனத் தொடவே வுட மாட்டேங்கறாங்க அக்கா," என்றார். "எவன் எழுதுனான்னு தெரியல."

"எவளோ ஒருத்தியாதான் இருக்கும்," என்றார் அக்கா. என்னைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு அவரும் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

திரும்பும்போது அக்கா, "தம்பி, சிம்பாங் அம்பாட் பக்கமா வுடேன்," என்றார். சாப்பிடப் போகிறோம் என்று நினைத்தேன். கார் நின்றது ஒரு வரிசை வீட்டு முன்னால். அக்கா பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். "ஒனக்கு எவ்ளோ நாள்தான் தொந்தரவு குடுக்கிறது? வாடகை பேசி முடிச்சிட்டேன். அடுத்த மாசம் வந்துருவேன்," என்றார்.

காற்றோட்டமான வீடு. சமையலறையில் நல்ல வெளிச்சம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் சமையலறை நடுவில் நின்று, "நல்ல வீடுக்கா," என்றேன். ஒரு மாதம் முன்னால் இதைக் கேட்டிருந்தால் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருப்பேன். அன்றைக்குப் பாலத்தில் திரும்புகிற வழியெல்லாம் அந்த வீட்டில் ஏதாவது குறை இருக்காதா என்று மனசுக்குள் தேடிக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் போல ஒரு காலம் எனக்கு வாய்த்ததில்லை. பிரிஃபரன்ஸ் பக்கத்தை இருவரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து திறந்தோம். எஃப் எட்டை அழுத்தினால் வெள்ளையும் பெரிய எழுத்தும் வரி எண்ணும் வந்து அக்காவின் திரையாகிவிடும். மறுபடி அழுத்தினால் கறுப்பும் பச்சையும் வந்து என்னுடையதாகிவிடும். அதை நான் செய்து காட்டியபோது பத்துத் தடவை மாற்றி மாற்றி அழுத்தி ரசித்தார். கீபோர்டு மாற்றத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சாவி. கண்ட்ரோல் டி விஷயத்தில்தான் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பஜ்ஜி தீர்ந்தது, தேநீர் ஆறிப்போனது, வாதம் முடியவில்லை.

கடைசியில் அக்கா சொன்னார்: "அழிக்கிறதுக்கு கண்ட்ரோல், ஷிப்ட், டி மூணையும் சேத்து வெச்சுக்க. மூணு வெரலும் போய் ஒக்கார்றதுக்குள்ள ஒன் கோவம் கொஞ்சம் எறங்கிரும்." தோற்றுப்போனேன், ஒப்புக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச நாளில் அழிப்பதே எனக்குக் குறைந்துவிட்டது. பேச்சு வரியை இரட்டித்து, ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைப் பலகைத் தமிழாக மாற்றுகிறேன். காலையில் எழுதியதைச் சாயங்காலம் அக்கா சத்தம் போட்டு வாசிப்பார். "இது தாள்ல சரி, வாய்ல வரல," என்பார். நான் எரிந்து விழுவேன். பிறகு அவர் சொன்னதையே எழுதுவேன். ஷிப்டுக்குப் போகிற கணவர் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்.

ஆனால் அடுத்த மாதம் கிட்டே வந்துகொண்டிருந்தது. இருக்கச் சொல்லுங்களேன் என்று கணவரிடம் முனகினேன். "நான் சொல்லிப் பாத்துட்டேன். தம்பி கூப்புட்டா அது கடமைக்குக் கூப்புடறதுன்னு நெனப்பாங்க. வீட்டுப் பொம்பள நீதான் வாயத் தொறந்து கூப்புடணும்," என்றார். அவர் சொன்னது சரிதான். எங்கள் குடும்பங்களில் அது எழுதாத சட்டம். ஆண்பிள்ளை கதவைத் திறந்துவிடலாம். வந்தவர் தங்குவது வீட்டுக்காரியின் வாயில்தான் இருக்கிறது. என் வாயோ, திட்டச் சொன்னால் தயாராக இருக்கும், இப்படிப்பட்ட சமயத்தில் பூட்டிக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது. அவருக்கென்று ஒரு வீடு, அவருக்கென்று ஒரு சமையலறை. என் ஆசைக்காக அதைக் கெடுக்க நான் யார்?

போவதற்கு முந்தின ஞாயிறு, அக்கா ஒரு புது லேப்டாப்போடு வந்தார். என் மேசையில் என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். "இதுல இருக்கிற மாதிரியே அதுலயும் எல்லாம் வெச்சுக் குடுத்துரும்மா. வெரல் பழகிப்போச்சு," என்றார்.

அதே எடிட்டரை இறக்கினேன். பிரிஃபரன்ஸைத் திறந்தேன். என்னுடையதைப் பார்த்து ஒவ்வொன்றாக நான் வாசிக்க, அக்கா அவருடையதில் போட்டுக்கொண்டே வந்தார்.

"வரி எண்."

"போட்டாச்சு."

"பிழைதிருத்தி அணைக்கணும்."

"அந்தச் செவப்புக் கோடுதானே? அணச்சாச்சு."

"கண்ட்ரோல் டி, வரி இரட்டிக்க. இது உங்களது."

"என்னுதா? இப்ப என்னவிட நீதானே அத அதிகமா அழுத்துற," என்றார்.

ஆமாம் என்றேன். அடுத்ததைப் பார்த்தேன். "எஃப் எட்டு. திரை மாத்த."

அக்காவின் விரல் நின்றது. "அது எதுக்கும்மா? அங்க யாருக்கு மாத்தப் போறேன்? நான் ஒருத்திதானே," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டுகூட. சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்ததற்கு நகர்ந்தார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, கோபமாகத்தான் வந்தது. "போகாதீங்கக்கா!" என்று கத்தினேன். "அங்க என்னா இருக்கு? இங்கயே இருங்க. எனக்கு நீங்க வேணும். நீங்க இல்லாம நான் எழுதுறத யாரு படிப்பா?" சொல்லி முடிப்பதற்குள் மூக்கிலும் கண்ணிலும் ஒழுக ஆரம்பித்துவிட்டது. இப்படி ஒரு அசிங்கமான அழைப்பை யாரும் யாருக்கும் வைத்திருக்க மாட்டார்கள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். "இதச் சொல்றதுக்கு ஒனக்கு இவ்ளோ நாளா?" என்றார். "நீ சொல்லுவேன்னு பாத்துப் பாத்து, இனிமே சொல்ல மாட்டேன்னு நெனச்சுதான் லேப்டாப் வாங்குனேன்."

பிறகு போனை எடுத்து, சிம்பாங் அம்பாட் வீட்டுச் சொந்தக்கார அம்மாவைக் கூப்பிட்டார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா இத்தனை மாதமும் யாரிடம் பேசினாலும் எங்கள் பிளாட்டைத் தம்பி வீடு என்றுதான் சொல்லி வந்தார்; தம்பி வீட்டில் இருக்கிறேன், தம்பி வீட்டுக்கு அனுப்புங்கள் என்று. அன்றைக்குப் போனில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது எனக்குக் காதில் இன்னும் கேட்கிறது.

"மன்னிச்சுக்குங்கம்மா, நான் வரல. எங்க வீட்ல வுட மாட்டேங்கறாங்க."